எது ரகசியம்? எது கணக்கு?

தேர்தல் நாளில் ஓட்டுப் போடப் போகிறோம். அங்கே இடது கை ஆள்காட்டி விரலில் ஒரு கோடு போடுகிறார்கள். அது அழியாத மை. சோப்புப் போட்டாலும் போகாது. நகம் வளர வளரத்தான் அந்தக் கோடு மறையும். ஒருவரே இரண்டு முறை ஓட்டுப் போடாமல் தடுப்பது அந்த மையின் வேலை.

இந்த மை எங்கே செய்யப்படுகிறது தெரியுமா? மைசூரில் செய்யப்படுகிறது.

மைசூரில் ஒரு பெயிண்ட் ஆலை இருக்கிறது. அதன் பெயர் மைசூர் பெயிண்ட்ஸ் அண்டு வார்னிஷ். மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1937-ஆம் ஆண்டு அது தொடங்கியது. இன்று அது கர்நாடக அரசின் நிறுவனம். 1962-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் முதல் இந்த ஆலையின் மைதான் நம் விரலில் ஏறுகிறது. வெளிநாடுகளும் இதை வாங்குகின்றன.

இந்த மையில் வெள்ளி உப்பு இருக்கிறது. இது பலருக்கும் தெரியும். ஆனால் வேறு என்ன சேர்க்கிறார்கள்? எந்த அளவில் சேர்க்கிறார்கள்? அதை வெளியே சொல்வதில்லை. அது ரகசியம்.

இப்படி ரகசியமாக வைப்பது சரியா?

சரிதான். அது வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? போலி மை செய்யலாம். மையை அழிக்கும் மருந்தும் செய்யலாம். கள்ள ஓட்டுப் பெருகும். கெடுதல் யாருக்கு? மக்களுக்கு.

மைசூரில் ரூபாய் நோட்டு அச்சிடும் அச்சகமும் இருக்கிறது. நோட்டை எப்படி அச்சிடுகிறார்கள் என்பதும் ரகசியம். அதுவும் சரிதான். இல்லாவிட்டால் கள்ள நோட்டு பெருகிவிடும்.

இன்னொரு கேள்வி

அதே மை ஆலையைப் பற்றி வேறு சில கேள்விகள் கேட்போம்.

ஒரு வருடத்தில் ஆலைக்கு எவ்வளவு வருமானம் வந்தது? எவ்வளவு செலவானது? மூலப்பொருளை யாரிடம் வாங்கினார்கள்? என்ன விலைக்கு வாங்கினார்கள்? எந்த முறையில் ஆட்களை வேலைக்கு எடுத்தார்கள்?

இவையும் ரகசியமா?

இல்லை. ஆலை அரசுடையது. அரசின் பணம் மக்களின் பணம். இந்த விவரங்கள் வெளியே வந்தால் மக்களுக்குக் கெடுதல் இல்லை. தப்புச் செய்தவர் யாராவது இருந்தால் அவருக்குத்தான் கெடுதல்.

ஒரே ஆலைதான். மை செய்யும் முறை ரகசியம். செலவுக் கணக்கு ரகசியம் அல்ல.

இந்த வேறுபாட்டை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது "இது அரசாங்க ரகசியம்" என்று சொன்னால் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "இது வெளியே வந்தால் யாருக்குக் கெடுதல்? மக்களுக்கா? தப்புச் செய்தவருக்கா?"

தசராவில் படித்த கணக்கு

அரசாங்கம் மக்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது மைசூருக்குப் புதிய பேச்சு அல்ல.

1876 முதல் 1878 வரை மைசூர் நாட்டில் கொடிய பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கான மக்கள் மாண்டார்கள். அப்போது ஆங்கிலேயர்கள் நேரடியாக ஆண்டுவந்தார்கள். 1881-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஆட்சி மீண்டும் மன்னர் குடும்பத்திடம் வந்தது. மன்னர் சாமராஜேந்திர உடையார். அவருடைய திவான் ரங்காச்சார்லு. ரங்காச்சார்லு செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்தவர்.

ரங்காச்சார்லு ஒரு புதிய ஏற்பாடு செய்தார். அதன் பெயர் பிரஜா பிரதிநிதி சபை. பிரஜை என்றால் குடிமகன். பிரதிநிதி என்றால் குடிமக்களுக்காகப் பேச வந்தவர். 1881 அக்டோபரில், தசரா சமயத்தில், மைசூரில் சபை முதல்முறையாகக் கூடியது. 144 பேர் வந்தார்கள்.

திவான் அவர்கள் முன்னால் நின்றார். அரசுக்கு வந்த வரவைச் சொன்னார். ஆன செலவைச் சொன்னார். இனி என்ன செய்யப்போகிறோம் என்றும் சொன்னார். வந்தவர்கள் தங்கள் ஊர்க் குறைகளைச் சொன்னார்கள்.

இந்தச் சபையில் குறைகள் இருந்தன. நிலம் வைத்திருந்தவர்களும் வியாபாரிகளுமே உட்கார்ந்தார்கள். கூலிக்காரர் இல்லை. பெண்கள் இல்லை. திவான் சொல்வதைக் கேட்கலாம், குறை சொல்லலாம். முடிவு செய்யும் அதிகாரம் இல்லை.

ஆனாலும் அது பெரிய காரியம். மன்னராட்சி நடந்த காலம் அது. அப்போதே ஒரு திவான் குடிமக்கள் முன்னால் வந்து வரவு செலவு சொன்னார். 1883-ல் ரங்காச்சார்லு காலமானார். மைசூரில் பெரிய மணிக்கூண்டின் அருகே ஒரு டவுன் ஹால் இருக்கிறது. அது அவர் பெயரில் கட்டப்பட்டதுதான்.

1923: இரண்டு சட்டங்கள்

கணக்குச் சொன்ன அதே மைசூரில் வாயை அடைக்கும் வேலையும் நடந்தது. 1908-ல் பத்திரிகைகளைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் வந்தது. அரசாங்கத்தின் அனுமதி இல்லாமல் பத்திரிகை நடத்த முடியாது என்றது அந்தச் சட்டம். எம். வெங்கடகிருஷ்ணய்யா என்ற பத்திரிகையாளர் மைசூரில் இருந்தார். மக்கள் அவரைத் தாத்தய்யா என்று அன்போடு அழைத்தார்கள். அவர் அந்தச் சட்டத்தை எதிர்த்தார். தம் பத்திரிகைகளை நிறுத்திக்கொண்டார்.

பிறகு 1923-ஆம் ஆண்டு வந்தது. அந்த ஒரே ஆண்டில் இரண்டு சட்டங்கள் பிறந்தன.

ஒன்று மைசூரில் பிறந்தது. அது பிரதிநிதி சபைக்குச் சட்டப்படி ஓர் இடம் கொடுத்தது. புதிய வரி போடும் முன் சபையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்றானது.

மற்றொன்று ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில் பிறந்தது. அதன் பெயர் அரசாங்க ரகசியச் சட்டம். எதிரி நாட்டுக்கு உளவு சொல்வதைத் தடுக்க வந்த சட்டம் அது. ஆனால் அது வேறு வேலையும் செய்தது. அலுவலகக் காகிதம் எதையும் வெளியே காட்ட அதிகாரிகள் பயந்தார்கள். சாதாரண ஃபைல்கூட ரகசியம் ஆனது.

1947-ல் ஆங்கிலேயர் போனார்கள். ரகசியச் சட்டம் போகவில்லை. அது இன்றும் இருக்கிறது. எதைக் கேட்டாலும் "சொல்ல முடியாது" என்று சொல்லும் பழக்கமும் அலுவலகங்களில் தங்கிவிட்டது.

நீதிமன்றம் சொன்னது

நமது அரசியல் சட்டம் பேச்சு உரிமையைத் தந்திருக்கிறது. ஆனால் விவரம் தெரியாமல் எதைப் பேசுவது? எதை நினைத்து ஓட்டுப் போடுவது?

1975-ல் ராஜ் நாராயண் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பிரதமரின் பயணப் பாதுகாப்புப் பற்றிய ஒரு புத்தகத்தை அரசு காட்ட மறுத்தது. அந்த வழக்கில் நீதிபதி கே. கே. மேத்யூ ஒரு முக்கியமான கருத்தைச் சொன்னார். மக்களுக்குப் பொறுப்பான ஆட்சியில் ரகசியங்கள் மிகக் குறைவாகவே இருக்க முடியும் என்றார். அரசு ஊழியர்கள் பொதுக் காரியமாகச் செய்வதை அறிய மக்களுக்கு உரிமை உண்டு என்றார்.

நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் ஏழைக்கு அது எப்படிக் கிடைக்கும்? ஒவ்வொரு காகிதத்துக்கும் உச்ச நீதிமன்றம் போக முடியுமா?

வழியைக் காட்டியவர்கள் கூலித் தொழிலாளர்கள்.

எங்கள் பணம், எங்கள் கணக்கு

ராஜஸ்தான் வறண்ட பூமி. அங்கே பஞ்ச நிவாரண வேலைகள் நடந்தன. குளம் வெட்டினார்கள். சாலை போட்டார்கள். ஆனால் கூலி முழுதாகக் கைக்கு வரவில்லை. கேட்டால் "நீங்கள் செய்த வேலை குறைவு. ரிக்கார்டில் அப்படித்தான் இருக்கிறது" என்றார்கள். "ரிக்கார்டைக் காட்டுங்கள்" என்றால் "அது ரகசியம்" என்றார்கள்.

1990-ல் அங்கே தொழிலாளர்களும் விவசாயிகளும் ஒரு சங்கம் அமைத்தார்கள். அதன் பெயர் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன். அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் போன்றவர்கள் அதில் முன்நின்றார்கள். அருணா ராய் சென்னையில் பிறந்தவர். கலெக்டர் பதவிக்குரிய ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டு வந்தவர்.

1994 டிசம்பர் 2-ஆம் தேதி கோட்கிரானா என்ற ஊரில் மக்கள் கூடினார்கள். மஸ்டர் ரோல், பில் ஆகியவற்றின் விவரங்களை ஊரார் முன்னால் சத்தமாகப் படித்தார்கள். இப்படிப் பல ஊர்களில் கூட்டங்கள் நடந்தன. உண்மை வெளியே வந்தது. வேலைக்கே வராதவர் பெயரில் கூலி எழுதியிருந்தது. இறந்துபோனவர் பெயரிலும் எழுதியிருந்தது. கட்டாத கட்டடத்துக்குப் பணம் கொடுத்திருந்தார்கள்.

படிக்கத் தெரியாத பலர் அந்தக் கூட்டங்களில் இருந்தார்கள். ஆனால் யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். காகிதம் சொல்வது பொய் என்று நிரூபிக்க அது போதும்.

1996-ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது. "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்று முழங்கினார்கள்.

அந்தக் குரல் நாடெங்கும் பரவியது. 1997-ல் தமிழ்நாடு தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. இந்திய மாநிலங்களில் அதுவே முதல். 2000-ல் கர்நாடகம் ஒரு சட்டம் இயற்றியது. நாடு முழுவதற்குமான தகவல் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12-ஆம் தேதி முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ரகசியச் சட்டமும் தகவல் சட்டமும் மோதினால் தகவல் சட்டமே மேலானது. சட்டத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது.

எப்படிக் கேட்பது?

மைசூரில் ஒரு தெரு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பெண்கள் குழாயடியில் பேசுகிறார்கள்.

"ஏன்க்கா, நம்ம தெருவுல ரோடு போட்டு ஆறு மாசம்கூட ஆகல. அதுக்குள்ள பேந்துபோச்சே?"

"ஆமா. கான்டிராக்டரைக் கேட்டா, ஆபீசுல போய்க் கேளுன்னு சொல்றார்."

"ஆபீசுல நமக்கெல்லாம் சொல்லுவாங்களா?"

"சொல்லித்தான் ஆகணும். நாம சோப்பு வாங்கினாலும் அதுல வரி இருக்கு. அந்தப் பணத்துலதானே ரோடு போட்டாங்க?"

"எதுக்குக் கேக்குறேன்னு கேட்டா?"

"காரணம் சொல்ல வேண்டியதில்ல. சட்டத்துல அப்படித்தான் இருக்கு."

அந்த அக்கா சொன்னது சரி. தகவல் கேட்கக் காரணம் சொல்ல வேண்டாம். இனி, கேட்கும் முறையைப் பார்ப்போம்.

1. ஒவ்வொரு அரசு அலுவலகத்திலும் பொதுத் தகவல் அலுவலர் ஒருவர் உண்டு. கன்னடத்தில் தகவலுக்கு "மாஹிதி" என்று பெயர். தகவல் உரிமை என்பது "மாஹிதி ஹக்கு". மைசூர் அலுவலகங்களின் போர்டில் இந்தச் சொற்களைத் தேடிப் பாருங்கள்.

2. அந்த மாநில ஆட்சி மொழியில் எழுதலாம். ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதலாம். கர்நாடகத்தில் இருப்பவர்கள் கன்னடத்தில் எழுதுவது நல்லது. எழுத வரவில்லையா? வாயால் சொல்லுங்கள். அதை எழுத்தில் எழுத உதவுவது அந்த அலுவலரின் கடமை.

3. கர்நாடகத்தில் ஒரு மனுவில் ஒரு விஷயத்தை மட்டும் கேட்க வேண்டும். 150 சொற்களுக்குள் எழுத வேண்டும். கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. ரசீது வாங்க மறக்காதீர்கள்.

4. "ஏன் ரோடு மோசம்?" என்று கேட்காதீர்கள். அதற்குச் சண்டைதான் பதிலாக வரும். காகிதத்தைக் கேளுங்கள். "ரோட்டுக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு? எத்தனை அங்குல கனம் போட வேண்டும்? அளவுப் புத்தகத்தின் நகல் கொடுங்கள். பில்லின் நகல் கொடுங்கள்." இப்படிக் கேளுங்கள். ஃபைலை நேரில் பார்க்கவும் கேட்கலாம். ரோடு போட்ட ஜல்லி, சிமெண்டு மாதிரி எடுத்துத் தரும்படியும் கேட்கலாம்.

5. 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். ஒருவரின் உயிர், விடுதலை பற்றிய தகவல் என்றால் 48 மணி நேரத்துக்குள் வர வேண்டும்.

6. பதில் வரவில்லையா? வந்த பதில் சரியில்லையா? அதே அலுவலகத்தின் மேலதிகாரியிடம் 30 நாளுக்குள் முறையிடுங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். கர்நாடகத்துக்கு அது பெங்களூரில் இருக்கிறது. காரணம் இல்லாமல் தாமதித்த அலுவலருக்கு ஆணையம் ஒரு நாளைக்கு 250 ரூபாய் அபராதம் போடலாம். அது 25,000 ரூபாய் வரை போகலாம். அதை அவர் தம் சொந்தப் பணத்தில் கட்ட வேண்டும்.

எதைத் தர மாட்டார்கள்?

நாட்டின் பாதுகாப்பைக் கெடுக்கும் தகவலைத் தர மாட்டார்கள். ஒருவரின் உயிருக்கு ஆபத்து வரும் தகவலைத் தர மாட்டார்கள். நடந்துவரும் போலீஸ் விசாரணையைக் கெடுக்கும் தகவலைத் தர மாட்டார்கள். தொழில் ரகசியத்தையும் தர மாட்டார்கள். மை செய்யும் முறை இந்த வகையைச் சேர்ந்தது. ஆனால் மறைப்பதைவிடச் சொல்வதில் பொதுநன்மை அதிகம் இருந்தால் தரலாம் என்றும் சட்டம் சொல்கிறது.

தனி மனிதரின் சொந்த விவரமும் இந்தப் பட்டியலில் உண்டு. ஒருவரின் நோய், வீட்டு விஷயம் ஆகியவை ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. இது நியாயம். ஆனால் 2023-ல் இயற்றிய ஒரு சட்டம் இந்த விதியை மாற்றியது. பழைய விதியில் சில வரம்புகள் இருந்தன. பொதுக் காரியத்தோடு சம்பந்தம் உள்ள விவரத்தைச் சொந்த விவரம் என்று மறைக்க முடியாது. மாற்றத்தில் அந்த வரம்புகள் போய்விட்டன. பலர் இதை எதிர்க்கிறார்கள். ஏன்? மஸ்டர் ரோலில் இருப்பதும் மனிதர்களின் பெயர்கள்தானே? "பெயர்கள் சொந்த விவரம், தர முடியாது" என்று சொன்னால் பொய்ப் பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது? இதுதான் அவர்கள் கேட்கும் கேள்வி.

கேட்பவருக்குத் துணை வேண்டும்

கேள்வி கேட்பது எப்போதும் எளிதல்ல. ஆணையங்களில் மனுக்கள் தேங்கிக் கிடக்கின்றன. ஆபத்தும் உண்டு. மகாராஷ்டிரத்தில் புனே அருகே தளேகாவ் என்ற ஊர். அங்கே சதீஷ் ஷெட்டி என்பவர் தகவல் சட்டத்தைப் பயன்படுத்தி நில மோசடிகளை வெளியே கொண்டுவந்தார். 2010 ஜனவரி 13-ஆம் தேதி அவரைக் கொன்றுவிட்டார்கள்.

அதனால் தனியாகக் கேட்க வேண்டாம். தெருவாகச் சேர்ந்து கேளுங்கள். மகளிர் சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள். மனுவின் நகலைப் பலர் வீட்டில் வையுங்கள். கேள்வி ஊருடையது என்று தெரிந்தால் மிரட்ட வருபவர் யோசிப்பார்.

ஓட்டும் தகவலும்

2018-ல் மத்திய அரசு தேர்தல் பத்திரம் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. கம்பெனிகளும் தனி மனிதர்களும் கட்சிகளுக்குப் பணம் கொடுக்கலாம். யார் கொடுத்தார் என்பது மக்களுக்குத் தெரியாது. இதை எதிர்த்து வழக்கு நடந்தது. 2024 பிப்ரவரி 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒரே முடிவைச் சொன்னார்கள். திட்டம் செல்லாது என்றார்கள். கட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று அறிவது ஓட்டுப் போடுபவரின் உரிமை என்றார்கள். மார்ச் மாதத்தில் அந்த விவரங்கள் வெளியிடப்பட்டன.

நாம் யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்பது ரகசியம். அந்த ரகசியம் நம்மைக் காக்கிறது. கட்சிக்கு யார் பணம் கொடுத்தார் என்பது ரகசியமாக இருந்தால் அது யாரைக் காக்கும்?

நண்பர்களே, ஓட்டு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை வருகிறது. கேள்வி கேட்கும் உரிமை எல்லா நாளும் இருக்கிறது. நாம் இப்போது எழுதப் படிக்கக் கற்றிருக்கிறோம். ரேஷன் கடைப் பலகையைப் படிக்க முடியும். பில்லைப் படிக்க முடியும். அளவுப் புத்தகத்தையும் எழுத்துக் கூட்டிப் படிக்க முடியும். படிப்போம். கேட்போம்.

யோசித்துப் பேசுங்கள்

1. மை செய்யும் முறை ஏன் ரகசியமாக இருக்கலாம்? மை ஆலையின் செலவுக் கணக்கு ஏன் ரகசியமாக இருக்கக்கூடாது?

2. 1881-ல் மைசூர் சபையில் யார் யாருக்கு இடம் இல்லை? இன்று அவர்கள் எப்படிக் கணக்குக் கேட்கலாம்?

3. கீழே உள்ளவற்றில் எவை ரகசியம்? எவை ரகசியம் அல்ல? ராணுவத் தளத்தின் வரைபடம். ரேஷன் கடையின் இருப்பு. ஒருவரின் நோய் விவரம். பள்ளிக் கட்டடத்தின் பில். நீங்கள் போட்ட ஓட்டு.

4. உங்கள் தெருவில் எந்த வேலையின் கணக்கைக் கேட்க விரும்புகிறீர்கள்? நான்கு பேர் சேர்ந்து நான்கு கேள்விகள் எழுதுங்கள்.

புதிய சொற்கள்

மஸ்டர் ரோல் – வேலைக்கு வந்தவர்களின் பெயர், நாள், கூலி எழுதும் பட்டியல்.

அளவுப் புத்தகம் – கட்டட வேலை, ரோடு வேலை எவ்வளவு நடந்தது என்று அளந்து எழுதும் புத்தகம்.

பொதுத் தகவல் அலுவலர் – மக்கள் கேட்கும் தகவலைத் தரும் பொறுப்பில் உள்ளவர்.

மேல்முறையீடு – பதில் திருப்தி இல்லையென்றால் மேலே இருப்பவரிடம் முறையிடுவது.